கேன்களுக்குக் காவல்

கொடைக்கானல் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏரி ஞாபகம் வராது. ஏரிக்கரையோரம் வரிசையாக நின்ற ஆறு தண்ணீர் கேன்கள்தான் ஞாபகம் வரும். நீல நிறம், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். மேடவாக்கத்தில் நிரப்பி, வேனின் பின்பக்கம் ஏற்றி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கொண்டுவந்தவை. ஏற்றியவனும் நான், இறக்கியவனும் நான். நினைத்தால் இன்றைக்கும் வாயில் ஒரு புளிப்பு ஊறுகிறது.

அப்போது நான் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்த்தேன். மோட்டார் போடுவது, தண்ணீர் லாரி வந்தால் குழாயைத் தொட்டிக்குள் பிடிப்பது, அடைப்பு எடுப்பது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரை எல்லாரும் செக்ரெட்டரி சார் என்பார்கள். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். அப்படிப்பட்டவரிடம் மறுத்துப் பேசுவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். திட்டுகிறவரிடமாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். கொடைக்கானலுக்குப் போய் அங்கிருந்து மூன்று நாள் காட்டுவழியாக நடக்கப் போவதாகவும், எட்டுப் பேர் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார். பிறகு, "நீங்களும் வரீங்கண்ணா. நீங்க எங்க ஃபேமிலி மாதிரிதானே," என்றார். சந்தோஷத்தில் குழாயை நழுவ விட்டுவிட்டேன். சட்டையெல்லாம் நனைந்தது.

பல்லாவரம் மலையைத் தவிர வேறு மலையை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்து வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை பழுப்பு நிறத்தில் இருக்கும். அதன்மேல் விரலை நகர்த்தியதோடு சரி. மூச்சு வாங்கி மானம் போய்விடக் கூடாதே என்று ஒன்றரை மாதம் விடியற்காலையில் குன்றத்தூர் போய் முருகன் கோயில் படிகளில் ஏறி இறங்கினேன். நானோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். "இன்னாய்யா, அந்தப் பக்கம் சாஞ்சுட்டியா? பாஸ்டர் கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். தாம்பரம் மார்க்கெட்டில் ஷூ வாங்கினேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் அவிழாமல் லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தாள்.

மலை ஏறும்போது வேனில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தும் எனக்குக் குமட்டியது. ஏரிக்கரையில் இறங்கினால் நல்ல காற்று வரும் என்று காத்திருந்தேன். வந்தது குதிரைச் சாணமும் பழைய பஜ்ஜி எண்ணெயும் கலந்த நாற்றம். கரையோரத் தண்ணீரில் சோளத் தோகையும் தயிர்சாத டப்பாவும் மிதந்தன. எங்கள் ஆட்களில் ஒருவர் வாயைக் கொப்பளித்து அந்தத் தண்ணீரிலேயே துப்பினார். துப்பிவிட்டு ஏரியைப் படம் பிடித்தார்.

வழிகாட்டி அங்கே வந்து சேர்ந்தார். உள்ளூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். கேன்களைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். வெளித்தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, மூன்று நாளைக்கும் இதுதான் என்றார் செக்ரெட்டரி சார். மேலே வழியெல்லாம் ஓடை இருக்கிறது, நாங்கள் அதைத்தான் குடிக்கிறோம் என்றார் வழிகாட்டி.

"பரவால்ல, அண்ணா தூக்கிட்டு வருவாரு," என்றார் சார், அதே மென்மையான குரலில்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வருஷம் முழுக்க லாரித் தண்ணீர் குடிக்கிறவர்கள், ஓடை ஓடும் மலைக்குத் தண்ணீர் சுமந்து வந்திருக்கிறார்கள். அதைச் சுமக்கத்தான் நான்.

வழிகாட்டி சிரித்துவிட்டார். கைகளை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு, கேனோடு யாரும் ஏற முடியாது என்றார். சார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அண்ணா, நீங்க லாட்ஜ் ரூம்லயே இருந்துடுங்க. கேன், பேக் எல்லாம் பாத்துக்க ஆள் வேணும்ல?"

வழிகாட்டி என் காலைப் பார்த்தார். "ஷூவெல்லாம் போட்டு வந்திருக்காரே. அவரும் நடக்கட்டுமேங்க. ரூமப் பூட்டுனா போதும்," என்றார்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். வரேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாரும்கூட, "வரீங்களாண்ணா?" என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. சிரித்தேன். "இல்ல சார், நான் இங்கயே இருக்கேன்," என்றேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் சகிக்க முடியவில்லை.

காட்டுவழி தொடங்கும் இடத்துக்குப் போக வழிகாட்டி ஏற்பாடு செய்திருந்த ஜீப்பில் ஏறும்போது சார் திரும்பி, வேனின் பின் இருக்கையை ஒரு தடவை கழுவிவிடச் சொன்னார். கழுவினேன். வாந்தி எடுத்த மூன்று பேருடைய சாப்பாடு இருக்கையின் மடிப்புகளில் காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி எடுத்தேன். மிச்ச நாளெல்லாம் அறையில் கேன்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஏரியைச் சுற்றிக்கூட நடக்கவில்லை. நடந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேறும் சகதியுமாக இறங்கி வந்தார்கள். "ஓடைத் தண்ணி என்னா டேஸ்ட்டுண்ணா! நீங்க வந்திருக்கணும்," என்றார் சார். மூடி திறக்காத ஆறு கேன்களையும் மறுபடி வேனில் ஏற்றினேன். அந்தத் தண்ணீர் மேடவாக்கத்துக்கே திரும்பிப் போனது.

வீட்டில் நடந்தேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சமாகத்தான் ஆரம்பித்தேன். மகள் கேட்கக் கேட்க ஓடை வந்தது, பாறை வந்தது, காட்டெருமைகூட வந்தது. வேனில் அவர்கள் பேசிக்கொண்டு வந்ததையெல்லாம் என்னுடையதாக ஆக்கிக்கொண்டேன். சார் செய்தது ஒரு பங்கு என்றால் இது ஒன்பது பங்கு.

செக்ரெட்டரி சார் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். நான் இப்போது மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். மகள் வேலைக்குப் போகிறாள். போன மாதம் அவள் ஆபீசில் அதே மலையில் நடக்கக் கிளம்பினார்கள். செல்போனில் குறித்துக்கொள்ள எதிரே உட்கார்ந்தாள். ஓடையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்வதை நம்பி அவள் அந்தத் தண்ணீரில் கால் வைப்பாள்.

"நான் மலை ஏறலம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப அந்த மூணு நாளு?"

"ரூம்ல தண்ணி கேனப் பாத்துக்கினு இருந்தேன்."

கொஞ்ச நேரம் போனை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். "உன்ன வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். அவள் குரலில் எனக்காகக் கோபம் கிளம்பியிருந்தது. தலையை ஆட்டினால் போதும், எல்லாம் அந்த மனிதர்மேல் போய்விடும்.

"இல்லம்மா," என்றேன். "கூப்ட்டாங்க. நான்தான் வரலன்னுட்டேன்."