மஞ்சள் படாத விளையாட்டு

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். திட்டம் போட ஆரம்பித்துவிடுவேன். கத்துவதைவிட அதுதான் ஆபத்து என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். எண்பதுகளில் நாங்கள் மண்ணூர்பேட்டையில் குடியிருந்தபோது, என் சிநேகிதியின் கல்யாணத்துக்கு முன்னால் நான் நடத்திய விளையாட்டு விழா அப்படி ஒரு கோபத்தில் பிறந்ததுதான்.

அவளும் நானும் ஒரே தெரு. வேலையும் ஒரே இடம். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில், சுவிட்சுகளைப் பூட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்க ஸ்குரு முடுக்குவோம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வரிசையில் இருந்த பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆவடியிலிருந்து வரும் கிறிஸ்தவத் தோழி ஒருத்தி, மதியச் சாப்பாட்டின்போது ஒரு யோசனை சொன்னாள். அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பொம்பளைகள் மட்டும் ஒருநாள் கூடி, பெண்ணை நடுவில் உட்கார வைத்து விதவிதமாக விளையாடுவார்களாம். ஜூஸ், கேக், ஜெயித்தவர்களுக்குப் பரிசு. நாமும் வைக்கலாம் என்றாள்.

எல்லோரும் குதித்தார்கள். கல்யாணப் பெண் மட்டும் டிபன் டப்பாவை மூடி வைத்தாள்.

"எங்கம்மா வந்து என் பக்கத்துல உக்காருவாங்கன்னா வெய்யுங்க. இல்லாங்காட்டி வாணாம்" என்றாள்.

அவள் அப்பா, அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்த எந்த நல்ல காரியத்திலும் அவள் அம்மா கூடத்துக்கு வந்ததில்லை. சமைப்பது அம்மா, பரிமாறுவது மற்றவர்கள். இவள் வயதுக்கு வந்து, சடங்கு சுற்றிப் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்தபோதும் அம்மா சமையலறைத் திரையை ஒரு விரலால் விலக்கித்தான் பார்த்தார். யாரும் அடித்துத் துரத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. இப்போது கல்யாணத்துக்கும் அப்படித்தான் என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது அத்தை, அதாவது அவள் அப்பாவின் தங்கை. முத்தாபுதுப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணன் போன பிறகு அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துவந்து இந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தவரும் அவர்தான். அதனால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "மாப்ள ஊட்டாளுங்க இன்னா நெனப்பாங்க?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் நடத்திவந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அத்தை கெட்டவரில்லை, மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவே இல்லை, அம்மாவோ "எனக்கு இன்னாடி கொறச்சல், உள்ளயே நல்லா கீறேன்" என்று சிரிக்கிறவர். கெட்டவர் என்று ஒருவர் இருந்தால் நேராகப் போய்ச் சண்டை போடலாம். இதில் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதனால் திட்டம் போட உட்கார்ந்தேன்.

நலங்கு வைத்தால் அம்மா வர முடியாது, அது சடங்கு. ஆனால் விளையாட்டுக்கு என்ன சாஸ்திரம் இருக்கிறது? இதுதான் நான் கண்டுபிடித்த ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அம்மாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆவடித் தோழியும் நானும் வேலை செய்துகொண்டே விளையாட்டுகளை அலசினோம்.

"கண்ண கட்டிகினு படத்துல கீற பொம்பளைக்குப் பொட்டு வெக்கிற ஆட்டம்?" என்றாள் அவள். அவர்கள் தெருவில் எல்லா விழாவிலும் அது உண்டாம். அத்தை அதைச் சுமங்கலிகளின் விளையாட்டு ஆக்கிவிடுவார் என்றேன். வேகமாகப் பூத் தொடுக்கும் போட்டி? பூ. யார் கையில் அதிக வளையல் ஏறும் என்ற ஆட்டம்? வளையல். குடத்துக்குள் மோதிரம் தேடுவது? அது மணமேடைச் சமாச்சாரம், குடத்திலேயே மஞ்சள் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது, பொம்பளைகளின் விளையாட்டு எல்லாவற்றிலும் யாரோ முன்கூட்டியே மஞ்சளைத் தடவி வைத்திருக்கிறார்கள். மஞ்சளே படாத விளையாட்டு ஒன்று வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தாலும் அம்மா தானாக எழுந்து வர மாட்டார். நான் கூப்பிட்டால் "போடி" என்பார். அவரை வெளியே அழைக்கிற அதிகாரம் உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அத்தையே கூப்பிட வேண்டும்.

விழாவுக்கு அழைக்கிற சாக்கில் முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, என்னென்ன விளையாட்டு என்று விசாரித்தார். பாட்டுக்குப் பாட்டு, எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் என்று சொன்னேன்.

"த்தூ, இதெல்லாம் ஒரு வெளாட்டா? அஞ்சாங்கல்லு வெச்சிக்கினியா? நானும் எங்க அண்ணியும் ஜோடி சேந்து குந்துனா எதுத்து ஆட ஆள் கெடையாது தெரியுமா? அண்ணி கல்யாணமாகி வந்தப்ப நான் பாவாட கட்டிகினு திரிஞ்சேன். சமைக்கற நேரம் போக அவங்களுக்கு எங்கூட கல்லாட்டம்தான். எங்கம்மா தொடப்பக்கட்டைய எடுத்துகினு வருவாங்க, நாங்க ரெண்டு பேரும் ஓடுவோம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். பிறகு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வேறு பேச்சு. ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அத்தைக்குத் தோற்கப் பிடிக்காது, அது ஊருக்கே தெரியும். ரேஷன் கடை வரிசையில்கூட இரண்டாவதாக நிற்க மாட்டார். ஐந்து கூழாங்கல்லில் பூவும் இல்லை, பொட்டும் இல்லை.

மிச்சம் இருந்தது எதிராளி. மாப்பிள்ளையும் எஸ்டேட்டில்தான் வேலை செய்தார். வேலை விட்டதும் டீக்கடை வாசலில் பிடித்தேன். "அண்ணா, உங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு அஞ்சாங்கல்லு ஆடத் தெரியாதாமே? பொண்ணு ஊட்ல பேசிக்கறாங்க. ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும்" என்றேன். பாவம், நல்ல மனுஷன். சொன்னதை அப்படியே கரையான்சாவடியில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாளே பதில் வந்தது: "எங்கக்கா கல்லு பொறுக்கிகினு கீறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் வீட்டின் அந்தச் சின்னக் கூடம் கொள்ளவில்லை. நாற்காலியில் கல்யாணப் பெண், தரையில் ஜமக்காளம், அதில் நாங்கள். மாப்பிள்ளையின் அக்கா, குரலும் உடம்பும் ஆகிருதியானவர், தன் சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்ததுமே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். சமையலறையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்தது. தட்டு வந்தது. தட்டை நீட்டிய கை மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டு உள்ளே போனது. கல்யாணப் பெண் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இரு என்று கண்ணைக் காட்டினேன்.

பாட்டுக்குப் பாட்டில் நாங்கள் ஜெயித்தோம். எலுமிச்சம்பழத்தில் அவர்கள். சூடு ஏறியதும் அஞ்சாங்கல்லை எடுத்து நடுவில் வைத்து விதிகளைச் சொன்னேன். இரண்டு இரண்டு பேர் ஜோடி. கல்லை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அள்ளி முடித்து, கடைசியில் ஐந்தையும் வீசிப் புறங்கையில் தாங்கினால் ஒரு பழம். பக்கத்துக் கல் அசைந்தால் அவுட். முதலில் பத்துப் பழம் எடுக்கும் வீட்டுக்கு ஜெயம். தோற்ற வீட்டார், ஜெயித்தவர் கேட்பது எதுவானாலும் செய்ய வேண்டும். ஆள் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை மட்டும் நான் வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அத்தை என்னைத்தான் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். நான் மோசமாக ஆடினேன். திட்டப்படி ஆடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு அந்த ஆட்டம் வரவே வராது. அத்தை கஷ்டப்பட்டு ஒரு பழம் எடுப்பார், அடுத்து நான் கையை நீட்டியதும் கல் எகிறிப் பஜ்ஜித் தட்டில் விழும். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அக்கா பழமாகப் பறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, பொண்ணு ஊட்ல ஆளே இல்லியா? சும்மா வாயிதானா?" என்றார் அவர், என்னைப் பார்த்து இல்லை, அத்தையைப் பார்த்து.

அத்தையின் மூக்குத்தி துடித்தது. கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆவடித் தோழி தலையைக் குனிந்துகொண்டாள், நான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் அத்தையின் பார்வை சமையலறைத் திரையில் போய் நின்றது. இத்தனை திட்டமும் அந்த ஒரு பார்வைக்காகத்தான். ஒருவேளை அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டால் என் கையில் வேறு எதுவும் இல்லை.

"அண்ணி!" என்று அத்தை கத்தினார். "கைய கழுவிகினு வா!"

திரை அசைந்தது. "நான் எதுக்கும்மா? நல்ல காரியம் நடக்கற எடத்துல..." என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"வெளாட்டுல இன்னா நல்ல காரியம், கெட்ட காரியம்? நம்ம மானம் போய்கினு கீது, நீ பஜ்ஜி சுட்டுகினு கீற! வா அண்ணி!"

அம்மா தயங்கினால் சொல்ல நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் அது. அத்தை வாயிலிருந்தே வந்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில், இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா வந்தார். கடலைமாவு ஒட்டியிருந்த கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து, ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை அவரை இழுத்துத் தொடையோடு தொடை இடிக்க நடுவில் உட்கார வைத்தார். அம்மா கற்களை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது ஒண்ணு வழுக்குதும்மா, மாத்திக்கலாமா?" என்று மாப்பிள்ளையின் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். அந்தம்மாள் உடனே தன் சுருக்குப் பையிலிருந்து வேறு கல் எடுத்துக் கொடுத்தார். விவரம் தெரிந்த ஆள் வந்துவிட்டது என்று அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்திலேயே அம்மாவின் விரல் பக்கத்துக் கல்லில் பட்டுவிட்டது. அவுட். அம்மா எழப் பார்த்தார். அத்தை அவர் தோளைப் பிடித்து அழுத்தி, "குந்து அண்ணி. கை சூடு புடிக்கட்டும்" என்றார்.

எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பழம்தான் பாக்கி. மாப்பிள்ளையின் அக்கா நான்கையும் அள்ளி, ஐந்தையும் வீசி, புறங்கையைத் திருப்பினார். ஒரு கல் விளிம்பில் நின்று யோசித்துவிட்டுக் கீழே விழுந்தது. எங்கள் பக்கம் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அம்மா ஆடியதை நான் எப்படிச் சொல்வது? கை தாழவே பறந்தது. மேலே போகும் கல்லை அவர் பார்க்கவே இல்லை, கீழே இருப்பதை மட்டும் பார்த்தார். மேலே போனது தானாகக் கைக்கு வந்தது. ஒரு பழம், இன்னொரு பழம். அத்தை ஒவ்வொன்றுக்கும் அவர் முதுகில் ஓங்கி அடித்து, "எங்க அண்ணி! எங்க அண்ணி!" என்று கத்தினார். எப்போது இறங்கினாள் என்று தெரியாது, கல்யாணப் பெண் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான், அது நடந்துகொண்டிருந்தது. பத்தாவது பழம் புறங்கையில் விழுந்தபோது அம்மா முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து, முடி கலைந்து, இளம் பெண் மாதிரி சிரித்தார். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் அக்கா தோல்வியை நன்றாகவே ஒப்புக்கொண்டார். "கேளும்மா. இன்னா வேணும்? பேச்சுன்னா பேச்சுதான்" என்றார்.

எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தோம். புடவை கேளுங்கள், மாப்பிள்ளையை வந்து பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்கள். அம்மா கற்களை இரண்டு கையாலும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார். பிறகு, கேட்கலாமா என்பதுபோல் அத்தையைப் பார்த்தார்.

"தாலி கட்டறப்ப நான் முன்னால நின்னு பாக்கணும்மா" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் மனசுல..."

இத்தனை வருஷமாக அத்தை கேட்டுவந்த கேள்விக்கு இப்போது மாப்பிள்ளை வீட்டாரே எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லப் போகிறார்கள்.

மாப்பிள்ளையின் அக்காவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவர் முகம் மாறியது. "பெத்தவ முன்னால நிக்காம பின்ன யாரு நிப்பாங்க? இத ஆட்டத்துல ஜெயிச்சுதான் கேக்கணுமா?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா தோத்துட்டோம். இனிமே நீங்களே வாணாம்னாலும் உட மாட்டோம்" என்றார். அத்தை தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மாதான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான். எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ விளையாட்டு வைத்திருக்கிறேன், அதுபோல் ஜெயித்ததில்லை.

கல்யாணத்தன்று அம்மா மணமேடையிலேயே நின்றார், பெண்ணுக்கு ஒரு கை தூரத்தில். பக்கத்தில் அத்தை, பட்டுப்புடவையும் இடுப்பில் கையுமாகக் காவல் நின்றார். மேளம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் உறவுக்காரக் கிழவர் ஒருவர் அத்தையிடம் குனிந்து, "இன்னாம்மா இது, அவங்க இங்க..." என்று ஆரம்பித்தார்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆட்டத்துல ஜெயிச்சது" என்றார். "கேள்வி கேக்கணும்னா கல்ல எடுத்துகினு வா."