ஆற்றில் ஒரு டேய்

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து பதினொரு வருடமாக மோர்னிங்சைட்டில் அக்கா வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறேன். மேலே அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள். எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. ஐந்து நாள் மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் அத்தானின் சத்தம். ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. “பேச்சு அதுக்கு முதலே நிண்டுட்டுது” என்றுதான் அத்தான் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் கொஞ்சம் சிரித்து வைப்பேன்.

சனிக்கிழமை மட்டும் என்னுடையதாக இருந்தது. விட்பி நகருக்கு அப்பால் ஓர் ஆறு ஏரியில் விழுகிறது. குளிர்காலத்தில் ஏரியிலிருந்து ட்ரவுட் மீன்கள் அதில் ஏறி ஆழமான மடுக்களில் கிடக்கும். அவற்றை ஈத்தூண்டிலால் பிடிப்பேன். புழுக் கொழுவுவதில்லை. சின்னத் தூண்டில் ஊசியில் நூலும் கம்பளியும் சுற்றி, பூச்சி போலவோ மீன்முட்டை போலவோ கட்டி எறிவது. மதிய இடைவேளைகளில் கைபேசியில் சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோ பார்த்துத்தான் பழகினேன். பிடிக்கும் மீனை விட்டுவிடுவேன். அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. அது போதும் எனக்கு.

என்னைக் கேலி செய்ய அத்தானுக்கு ஈ என்ற சொல் ஒன்றே போதுமாக இருந்தது. யாராவது போன் எடுத்து என்னைக் கேட்டால், “மச்சானோ? ஆத்தில ஈ ஓட்டப் போயிட்டார்” என்பார்.

இந்த ஜனவரியில் ஒரு வெள்ளி மாலை படியில் நின்று, தன் வழக்கமான ‘ஐசே’யோடு கீழே கூப்பிட்டார். “ஐசே, ஞாயிற்றுக்கிழமை சனம் வருது. மீன் போட்டுக் கூழ் காய்ச்சிறம். நாளைக்கு நானும் வாறன். நீ மீனைப் பிடி, நான் கொண்டாறன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் அவருக்கு நான் எதற்கும் மறுப்புச் சொன்னது கிடையாது. இரவு முழுவதும் அவரைத் திட்டினேன், மனதுக்குள்.

அடுத்த நாள் குளிர் மைனஸ் பதினைந்துக்கும் கீழே. ஆறு கறுப்பாக ஓடியது. நொறுங்கிய ஐஸ் சோற்றுக் கஞ்சி போல அதில் மிதந்து வந்தது. இரண்டு தரம் எறிந்தால் தூண்டில் தடியின் வளையங்களில் ஐஸ் அடைத்து நூல் ஓடாது. தடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கரைத்தேன். விரல்கள் என்னுடையவை போல இல்லை. இப்படிக் குளிரில் மீன் இரையைத் துரத்தாது, அதன் வாய்க்கு நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது கரையோரத்துக்குத்தான். அங்கே ஐஸ் தட்டாகக் கட்டி ஆற்றுக்குள் நீண்டிருக்கும். மேலே ஸ்னோ மூடிவிட்டால் எது நிலம், எது ஆறு என்று தெரியாது. அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டு ஓடும். காரில் வரும்போதே இதைச் சொல்ல நினைத்தேன். அத்தான் வழி முழுக்க போனில் இருந்தார். இறங்கிய பிறகு ஒரு மரக்கட்டையைக் காட்டி, “இதுக்கு அங்கால வராதேங்கோ அத்தான்” என்றேன்.

“நீ சொல்லியோ நான் நிக்கிறது? போ, போய் ஈயை ஓட்டு.”

ஐஸ் கட்டாத, கல் நிறைந்த ஓர் இடத்தில் ரப்பர் காற்சட்டையோடும் ஊன்றுகோலோடும் இறங்கி, தொடை அளவு தண்ணீரில் நின்றேன். அத்தான் மீனைப் போட ஒரு கறுப்பு கார்பேஜ் பையோடு கரையில் நின்று கோப்பி குடித்தார். “உது மீன்பிடியில்லை, தவம்” என்றார். “இஞ்ச மீன் இருக்கெண்டு மீனுக்குத் தெரியுமோ?” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றால் ஆறும் வீடு போல ஆகிவிடுகிறது என்று எரிச்சலோடு நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மீன் கொழுவியது. பெரிய மீன். இரண்டு தரம் மடுவுக்குள் ஓடி, பிறகு களைத்து, அத்தான் நின்ற பக்கத்து ஐஸ் விளிம்புக்குக் கிட்டப் போனது. அதன் சிவந்த பக்கம் தண்ணீரில் மின்னியதை அவரும் கண்டுவிட்டார். பையை விரித்துக்கொண்டு கட்டையைத் தாண்டி ஐஸில் நடந்தார்.

“டேய், நில்லடா விசரா!”

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. எதிர் மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. அத்தான் நின்றார். பயத்தில் இல்லை, கேட்ட சொல்லில் திகைத்து. நின்ற அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் ஒரு கதவளவு ஐஸ் முறிந்து சரிந்தது. ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. தடியை விட்டுவிட்டு ஓடினேன். கரையில் குப்புறப் படுத்து, ஊன்றுகோலை நீட்டினேன். பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தார். முறிந்த ஐஸைத் தண்ணீர் அடியில் இழுத்துக்கொண்டு போனது. அது மேலே வரவில்லை.

காரில் ஹீட்டரைக் கூட்டி, அவருடைய சப்பாத்தைக் கழற்றினேன். ஈரக் காலைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்:

“ஆரை நீ டேய் எண்டனீ?”

“ஐஸ் உடையப்போகுது எண்டு, அத்தான்…”

“அதைக் கேக்கேல்லை. என்ர அப்பர்கூட என்னை டேய் எண்டதில்லை.”

மாலைக்குள் அத்தான் போனில் சொல்லிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் கதை போய்விட்டது. அந்தக் கதையில் ஐஸ் இல்லை, டேய் மட்டும் இருந்தது. அக்கா கீழே வந்தார்.

“போய் ஒரு சொரி சொல்லு. வயசுக்கு மூத்த மனுசன்.”

“அவர் செத்திருப்பார், அக்கா.”

“எனக்குத் தெரியும். அவரின்ர காலைப் பாத்தனான். ஐஸ் உடைஞ்சதை நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

ஞாயிற்றுக்கிழமை கடை மீனில் கூழ் காய்ச்சினார்கள். எல்லாரும் இருந்தபோது மேலே போய், “சொரி அத்தான்” என்றேன்.

“என்ன ஐசே, கேக்கேல்லை. ஆத்தில நல்ல சத்தமா வந்ததே?”

சிரித்தார்கள். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். அத்தானுக்கு முகம் மலர்ந்தது.

“சரி, சரி. மன்னிச்சாச்சு. வாற சனி எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?”

“நான் தனியத்தான் போறன், அத்தான். நீங்கள் வரவேண்டாம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை, டேய் போலப் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் அவருக்குக் கிடைக்கவில்லை. கூழ்க் கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அத்தான் என்னோடு இப்போது கதைப்பதில்லை. மேலே போய்ச் சாப்பிடுவதும் நின்றுவிட்டது. அக்கா சாப்பாட்டைப் போட்டு மூடி பேஸ்மென்ட் படியில் வைத்துவிட்டு, கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறார்.