காலி பண்ணாத பௌர்ணமிகள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அப்படிப்பட்டவனுக்கு உட்கார்ந்து கவிதை எழுதுகிற பித்தும், உட்கார்ந்து கம்ப்யூட்டர் சர்வர் பார்க்கிற பிழைப்பும் சேர்ந்து வாய்த்தன. வரி நகராவிட்டால் எழுந்துபோய் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். மலை ஒன்றும் கேட்காது. சர்வர் நகராவிட்டால் ஃபோன் வரும்.

அன்று காலையும் வந்தது. பௌர்ணமி நாள். செங்கம் சாலையில் என் வாடகை அறையின் ஜன்னலுக்கு வெளியே வெறுங்கால்கள் நடக்கத் தொடங்கியிருந்தன.

"சார், எல்லாம் நின்னுப்போச்சு சார்."

"எதும்மா நின்னுச்சு?"

"பில்லு நின்னுச்சு, புக்கிங் நின்னுச்சு. பாய் மட்டும் நிக்காம நடந்துக்கினே இருக்காரு. ஓடி வாங்க."

பேசியவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜின் ரிசப்ஷன் பெண். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். லாட்ஜின் முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். தாத்தா காலத்திலிருந்து இங்கேயே வியாபாரம் செய்கிற வீடு. போன வருடம்வரை அங்கே அறைப் பதிவெல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான். 'உங்க எழுத்து உங்களுக்கே புரியல பாய்' என்று நாள்தோறும் நச்சரித்து, அதை மூடவைத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவள் இவள். இந்தப் பௌர்ணமிக்கான பதிவு முழுவதும் அவள் தன் கையால் தட்டியது. வேறெங்கும் கிடையாது. சாயங்காலம் பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குகிறவர்கள் நேராக அவள் முகத்துக்கு எதிரேதான் நிற்பார்கள். எந்த அறை யாருக்கு என்று சொல்லத் தெரியாமல் அவள் விழித்தால், மறுநாளே நோட்டுப் புத்தகம் திரும்பி வரும். அந்தக் கவுன்ட்டரில் அவள் பேச்சு இனி எடுபடாது. ஃபோனில் அவள் குரல் சிரித்தது. அந்தச் சிரிப்பின் விளிம்பு நடுங்கியது.

பௌர்ணமியன்று மலை சுற்றும் சாலையில் வண்டி நுழையாது. நடந்தேன். மலையை வலம் வருகிற கூட்டம் மொத்தமும் ஒரு திசையில் வர, நான் அதை எதிர்த்து. வெள்ளமாய் வரும் வேட்டிகள், புடவைகள், பிளாஸ்டிக் பைகளில் புளிசாதம், தோளில் தூங்கும் குழந்தைகள். ஒரு அம்மாள் என்னைப் பிடித்து நிறுத்தியே விட்டார்.

"மலை வலதுகைப் பக்கம் வரணும்ங்க. திரும்புங்க."

"சர்வர் அந்தப் பக்கம் இருக்குதும்மா."

"எந்தச் சாமியா இருந்தாலும் இப்படித்தான் சுத்தணும்," என்றார் கண்டிப்பாக.

லாட்ஜின் படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இரும்புப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கம்ப்யூட்டர். உள்ளே மூன்று குடியிருக்கின்றன: புக்கிங்குக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, கேமராப் பதிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தான் மட்டும் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். இதை நான் முதன்முதலில் மூச்சுவாங்க விளக்கியபோது, "லாட்ஜுன்னு சொல்லுங்களேன்," என்று பாய் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இந்த வேலையில் இயந்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும். அந்த லாட்ஜில் ஒருமுறை சமையல்காரர் சட்னி அரைப்பதற்காக சர்வரின் பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியை மாட்டியிருக்கிறார். குனிந்து பார்த்தேன். பிளக் இருந்தது. விளக்கு பச்சையாய் எரிந்தது. கேபிள்கள் இறுக்கமாய் இருந்தன. பெட்டியின் நெற்றியில் அவள் வைத்த குங்குமம்கூடக் கலையாமல் இருந்தது.

"சமையக்காரரை விசாரிச்சிட்டேன்," என்றார் பாய். "இன்னிக்கி அவரு மேல தப்பில்ல. தேங்காச் சட்னியே கெடையாது."

திரையைத் திறந்தேன். மூன்று குடித்தனங்களும் நடந்துகொண்டிருந்த வேலையின் பாதியில் உறைந்து நின்றன. ஒரே ஒரு வரி: டிஸ்க்கில் இடம் இல்லை.

இடம் எங்கே போயிற்று? புக்கிங் மெஷினின் ஸ்நாப்ஷாட் பக்கத்தைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். திறந்தால் மூடாத விசிறிபோல ஒன்றின்கீழ் ஒன்றாய் இறங்கிக்கொண்டே போயின. ஆடிப் பௌர்ணமி. ஆவணிப் பௌர்ணமி. புரட்டாசிப் பௌர்ணமி. கார்த்திகைக்கு மட்டும் இரண்டு, தீபம் அல்லவா.

அதன் கதை இது. கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஒரு பௌர்ணமிக்கு முந்தைய நாள், புது மென்பொருள் ஏற்றப்போய் புக்கிங் மெஷின் படுத்துவிட்டது. ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். மெஷின் அந்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அதை அப்படியே பிடித்து வைக்கிற ஏற்பாடு அது. ஒரு பொத்தானில் பழைய நிமிடத்துக்குத் திரும்பினோம். பாய் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றுமுதல் அது அந்த லாட்ஜின் சடங்காகிவிட்டது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் பாய் பிஸ்மில்லா சொல்வார். குங்குமம் வைத்த பெட்டிக்கு அவள் ஸ்நாப்ஷாட் எடுப்பாள். சமையல்காரர் பின்னால் நின்று கும்பிடுவார். வேலை முடிந்ததும் பழையதை நீக்கிவிட வேண்டும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். பாய் கேட்கமாட்டார்.

"நம்மள காப்பாத்தின வஸ்து. அத்தப் போயி கை வெக்கிறதா? ஒரு மூலைல இருந்துட்டுப் போவட்டும். சோறா கேக்குது?"

கேட்டிருக்கிறது. மாதம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறது.

"பாய், டிஸ்க்கெல்லாம் ஸ்நாப்ஷாட் தின்னுடுச்சு," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஸ்நாப்ஷாட் இருக்குதில்ல? அப்பறம் என்ன கவலை? போன பௌர்ணமிக்கே திரும்பிடலாம். அன்னிக்கி சூப்பரா ஓடிச்சே!"

நான் வாயைத் திறப்பதற்குள் ரிசப்ஷன் பெண் முந்திக்கொண்டாள்.

"போன பௌர்ணமிக்குப் போனா, போன பௌர்ணமிக்கு வந்தவங்கதான் பாய் உள்ள இருப்பாங்க. இந்த மாசம் நான் போட்டது அத்தினியும் பூடும்."

அதுதான் விஷயம். ஸ்நாப்ஷாட் எடுத்ததும் மெஷின் பழைய பக்கத்தை மூடி முத்திரை வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு கண்ணாடித்தாளை விரித்து அதில் எழுத ஆரம்பிக்கும். அடுத்தது எடுத்தால் இன்னொரு தாள். நேற்று எடுக்க வேண்டிய ஸ்நாப்ஷாட்டை அவள் வேலை நெருக்கடியில் எடுக்காததால், அவளுடைய இந்த மாதம் முழுவதும் ஆக மேலே இருக்கும் தாளில் இருந்தது. திரும்பு என்கிற பொத்தான் அந்தத் தாளை உருவி எறிந்துவிடும். எல்லாவற்றையும் நீக்கு என்கிற பொத்தானோ, தாள்களில் எழுதியதையெல்லாம் அடிப் பக்கத்தில் பத்திரமாக எழுதிச் சேர்த்துவிட்டுத் தாள்களை மட்டும் கழித்துவிடும். இந்தத் தொழிலில் பொத்தான்களுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, வீட்டில் நிம்மதியாக இருந்தவராகத் தெரியவில்லை.

"எல்லாத்தியும் நீக்கறதா?" பாய் பெட்டிக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றார். "எல்லாத்தியும்? இன்னிக்கி? சார், நீங்க கவித எழுதற ஆளு, உங்களுக்கு எதுவும் விளையாட்டு. என் ரூம் பூரா ஃபுல்லு."

கவிதை எழுதுவது எப்போதும் இப்படித்தான் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எழுதிச் சேர்க்கிற வேலைக்கே கொஞ்சம் காலி இடம் வேண்டும். ஒரு சொட்டு இடமில்லை. கேமராப் பதிவில் மாதக்கணக்கான காலிப் படிக்கட்டுகள் கிடக்கின்றன, அவற்றை அழிக்கலாம் என்றேன். அந்த மெஷினை மட்டும் எப்படியோ தட்டி எழுப்பி, அவள் வேகவேகமாக அழித்தாள். அழித்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள். டிஸ்க்கில் இடம் அப்படியே இருந்தது. இம்மியும் கூடவில்லை.

"அழிச்சிட்டேனே சார்!"

"நீ உள்ள அழிச்சிருக்கே. ஆனா அந்த இடத்தப் பெட்டி ஏற்கனவே கேமரா மெஷினுக்குன்னு ஒதுக்கிடுச்சு. காலியா இருந்தாலும் அது அதுங்கிட்டதான் இருக்கும்."

அவள் ஒரு கணம் அறைச் சாவிகள் தொங்கும் பலகையைப் பார்த்தாள். "அதாவது, ஆளு பெட்டி படுக்கை எல்லாம் தூக்கிட்டாங்க. சாவியக் கவுன்ட்டர்ல குடுக்கல."

"அதேதான்."

அவள் பாய் பக்கம் திரும்பினாள். இருபது நிமிடமாக நான் கண்ணாடித்தாள் வைத்து நடத்திய பாடத்தை அவள் ஒரே மூச்சில் முடித்தாள்.

"பாய், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பார்ட்டி வந்து நம்ம லாட்ஜுல ரூம் எடுத்துச்சு. ஆடிலேர்ந்து ஒருத்தரும் காலி பண்ணல. கார்த்திகை பார்ட்டி ரெண்டு ரூம். இப்ப வாசல்ல ஆளு நிக்குது, குடுக்க ரூம் இல்ல."

பாயின் புருவம் ஏறியது. "காலி பண்ணலியா? ஆடிலேர்ந்தா?"

"ஆடிலேர்ந்து."

"செக்-அவுட் டைம் பன்னெண்டு மணின்னு போர்டு வெச்சிருக்கேன் இல்ல? யாரைக் கேட்டு தங்கினாங்க?" கோபம் நிஜமாகவே வந்துவிட்டது. "சார், எல்லாத்தியும் வெளிய அனுப்புங்க. மொதல்ல அந்தக் கேமராக்காரன்கிட்ட சாவி வாங்குங்க."

வாங்கப்போனோம். கேமரா மெஷினுக்கு ஒதுக்கியிருந்த பதிவு டிஸ்க்கை முழுசாகத் தூக்கிவிட்டால் வேண்டிய இடம் கிடைத்துவிடும். பொத்தானில் விரல் வைத்தேன். "ஒரு நிமிஷம் சார்!" என்று அவள் கத்தினாள். மொட்டைமாடியில் குரங்கு ஒன்று பாயின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துப் போட்டுக்கொண்டு உட்கார, பாய் வாழைப்பழத்தோடு அதை ஐயா, ராஜா என்று கெஞ்சிய பதிவு அதற்குள்தான் இருந்ததாம். மற்றவற்றை அழித்தவள் அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். பென்டிரைவில் நகல் எடுத்தாள். பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையல்காரர் இன்னொரு நகல் கேட்டார்.

டிஸ்க்கைத் தூக்கினேன். இடம் வந்தது. எல்லாவற்றையும் நீக்கு. பாய் பிஸ்மில்லா சொன்னார். அழுத்தினேன்.

ஒரு பட்டை தோன்றி நீல நிறத்தில் நகர ஆரம்பித்தது. இது நடக்கும்போது கரண்ட் போனால் தாள் பாதி, பக்கம் பாதியாக எல்லாம் கிழிந்துவிடும் என்று சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்று பாய் மின்பலகையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தளமாக அணைக்க ஆரம்பித்தார். ஏ.சி. போயிற்று. ஃபேன் போயிற்று. முந்தைய நாளே வந்து தங்கியிருந்தவர்கள் துண்டால் விசிறிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

"இன்னாங்க, கரண்ட் இல்லியா?"

"இருக்குது. உங்களுக்கு இல்ல," என்றார் பாய்.

பட்டை ஓடியது, நடந்தது, தவழ்ந்தது. தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. இந்த வேலை செய்கிற எவருக்கும் அந்த எண்ணைத் தெரியும். மலை சுற்றுகிறவர்களுக்குக் கோபுரம் கண்ணில் பட்ட பிறகு வரும் அந்தக் கடைசி நீளம் மாதிரி. வந்துவிட்டோம் என்று மனசு சொல்லும், கால் நம்பாது. நான் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் இடையே நடந்தேன். தண்ணீர் கேன்களை அளவு பார்த்து அடுக்கினேன். வெளியே ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பட்டை மட்டும் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. என் உடம்பில் பட்டையின் அந்தக் கடைசிப் பங்கு அரித்தது.

"மாட்டிக்கிச்சா சார்? அணைச்சுப் போட்டா சரியாயிடும்ல, டி.வி. மாதிரி?" சமையல்காரர் கை பிளக்கை நோக்கி நீண்டது.

"தொட்டீங்க, அந்தக் கொரங்கு வீடியோ இல்ல, நீங்க ஒதை வாங்கற வீடியோ ஊரு பூரா ஓடும்," என்றாள் அவள், மவுஸை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. பகடிதான். ஆனால் அவள் கண் பட்டையை விட்டு நகரவில்லை. உதடு எதையோ முணுமுணுத்தது. பிரார்த்தனை என்று நினைத்துக் காது கொடுத்தேன். நினைவில் இருக்கிற பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலவற்றுக்கு அறை வந்தது. பலவற்றுக்கு வரவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் அதற்குப் பிறகு நடக்கவில்லை. அவள் பக்கத்தில் ஒரு தண்ணீர் கேன்மேல் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

வெயில் வாசலைத் தாண்டித் தெருவுக்கு இறங்கியபோது பட்டை மறைந்தது. சத்தமில்லை, அறிவிப்பில்லை. இருந்தது, இல்லை. விசிறிபோல் விரிந்திருந்த ஸ்நாப்ஷாட் பட்டியல் மடங்கி ஒரே வரியாகியிருந்தது. புக்கிங் மெஷினை எழுப்பினேன். அது சோம்பல் முறித்து எழுந்து, காலையிலேயே நின்றுபோன தன் கடிகாரத்தைக் காட்டி, ஒன்றுமே நடக்காததுபோல் குட்மார்னிங் சொன்னது. கடிகாரத்தைத் திருத்தினேன். அவள் இந்த மாதத்தைத் திறந்தாள்.

எல்லாப் பெயரும் இருந்தன.

அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வாசலில் முதல் வேன் நின்றது. வழிநெடுகப் பாடிக்கொண்டு வந்த பெண்கள் கூட்டம் இறங்கியது. முன்னால் வந்தவர் மூச்சு வாங்கியபடி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"உங்களுக்குக் கீழ்த் தளம்ங்க. மூட்டு வலி, படி ஏற முடியாதுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள், திரையைப் பார்த்தே.

"அட, அது கூடவா எழுதி வெச்சிருக்குது!"

பாய் மின்பலகையில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஃபேன்கள் சுற்றின, மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. சாவிகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் மெதுவாக என் பக்கம் வந்து, காதருகே குனிந்தார்.

"சார், இப்பத்தான் நல்லா ஓடுது. நம்ம சேஃப்டிக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துடலாமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் பாயைப் பார்த்தாள்.

"எடுக்கலாம் பாய். ஒரு நாள் வாடகைதான்."

இருட்டும் நேரத்தில் நான் அறைக்குத் திரும்பினேன். இம்முறை கூட்டத்தோடு சேர்ந்து, மலை வலதுகைப் பக்கமாக. மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு ஃபோன் அடித்தது. திரும்ப என்ன நின்றதோ என்று பதறி எடுத்தேன்.

"சார், நேத்து எடுத்தது காலி பண்ணிடுச்சு. பாய் பக்கத்துல நின்னு பாத்தாரு." குரல் சற்றுத் தள்ளிப்போய், யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பியது. "சாவி வாங்கியாச்சான்னு கேக்கறாரு சார். இன்னா சொல்லட்டும்?"

"வாங்கியாச்சுன்னு சொல்லும்மா."