பாலத்தில் அறுபடாத அழைப்பு

ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் ஒரு கம்பெனியின் டவர், அந்தக் கரையில் வேறொரு கம்பெனியின் டவர். நடுப்பாலத்தில் இரண்டும் அரைகுறை. யார் போனும் எடுக்காது. ஓடுகிற அழைப்பை ஒரு டவரின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்கு, பேசுகிறவருக்கே தெரியாமல் மாற்றிக் கொடுக்க ஒன்பது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் இன்ஜினியர். கேபிள் பள்ளம் தோண்டப் போய், தானாகப் படித்து மேலே வந்தவர். பிடித்த பிடியை விடமாட்டார்.

சோதனைக்கு மறுமுனையில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் மனைவி இருந்தாள். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவாள். முடிந்ததும் மறுபடி ஒன்று. எந்த எண் காதில் விழவில்லையோ, அங்கே அழைப்பு அறுந்ததாகக் கணக்கு. நடுவில் வேறு ஒரு சொல் வரக்கூடாது. ஆரம்பத்தில் ஒருநாள், "அடுப்புல தீயுது, இருங்க" என்றாள். அன்றைய சோதனை முழுவதையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ண வைத்தார். அதன்பின் அடுப்பில் எது தீய்ந்தாலும் அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வண்டி ஓட்டுகிற டிரைவருக்கு இது பொறுக்காது. "சார், சாப்பிட்டியான்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டா டவர் சாஞ்சுடுமா?" என்பான். இன்னொரு போன் உயிரோடு இருந்தால் அளவு கெடும் என்று அவனுடைய போனும் ஆபீஸ் டிராயரில்தான் கிடக்கும்.

கடைசியில் மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது: வரிசையாக நாற்பது தடவை பாலத்தைக் கடக்க வேண்டும், ஒரு தடவை அறுந்தாலும் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. முப்பத்தொன்பது முடிந்தது.

நாற்பதாவது தடவை நடுப்பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். காலை பதினொன்று ஏழு. போனில் அவள் குரல் சீராக வந்துகொண்டிருந்தது. "நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணு. நாப்பத்..."

பிறகு சத்தமில்லை.

அவருக்கு உயிரே போய்விட்டது. மீட்டரைப் பார்த்தார். அழைப்பு அறுபடவில்லை. போன உயிர் திரும்பியது.

"நிறுத்தாத. எண்ணு," என்றார்.

"கை மரத்துப்போச்சு," என்றாள் அவள். நாக்கு குழறியது. "வாய் ஒரு பக்கமா இழுக்குது."

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "சார், கட் பண்ணிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இந்தப் பாலத்துல உங்க போன் ஒண்ணுதான் வேலை செய்யுது."

"லைன் உயிரோட இருக்கு. பாலம் தாண்டட்டும்."

டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வண்டிகளுக்கு நடுவே கரையை நோக்கி ஓடினான். பாதி தூரம் போவதற்குள் லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. இன்ஜினியர் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு தானே வண்டியை ஓட்டினார். மறுமுனையில் மூச்சு கேட்டது. இடையிடையே ஏதோ ஒரு எண். அக்கரையில் இறங்கியதும் அழைப்பை வெட்டினார். ஒன்பது வருஷத்தில் அவரே வெட்டிய முதல் சோதனை அழைப்பு அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். இன்ஜினியர் பதிவைப் பார்த்து, பதினொன்று ஏழு, நாற்பத்தாறாவது விநாடி என்றார். இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற புருஷனைத் தான் பார்த்ததே இல்லை என்று டாக்டர் மெச்சினார்.

"ஆம்புலன்ஸுக்கு எப்போ சொன்னீங்க?"

அதுவும் பதிவில் இருந்தது. "பதினொண்ணு பத்தொம்போது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

இப்போது அந்தப் பாலத்தில் யார் பேச்சும் அறுவதில்லை. ஆபீஸில் அவர் பெரிய அறைக்கு மாறிவிட்டார். மனைவி பிழைத்துக்கொண்டாள்; பேச்சுதான் போய்விட்டது. சில பேருக்கு வரிசையாக எண்ணுவது மட்டும் தங்கிவிடும் என்றார் டாக்டர். அவளுக்கும் அப்படியே தங்கியது.

தினமும் மதியம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்கிறார். அவள் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். அவர் மூச்சுவிடாமல் கேட்கிறார். நாற்பத்தொன்று வந்ததும், நல்ல கையால் அவளே அழைப்பை வெட்டிவிடுகிறாள்.