வாசலைப் பார்த்திருந்த கேமரா

ஐப்பசியில் இடி இடித்த ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் கருகிப்போனது. மோடம் எப்படியோ தப்பியது. கம்ப்யூட்டரும் ஓடியது. இணையம் மட்டும் அதற்குள் வரவில்லை.

கம்ப்யூட்டரை அமைத்தவர் என் கணவர். வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். நான் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் டீச்சர். பள்ளியில் விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது லினக்ஸ் என்பதால் வீட்டிலும் அதையே போட்டுத் தந்தார். போன லீவில் வந்தபோது வாசலுக்கு ஒரு கேமராவும் மாட்டினார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான். கேமரா எடுப்பதைக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும். அவர் அங்கிருந்து போனில் பார்ப்பார்.

இடி விழுந்த மறுநாளே கூப்பிட்டார்.

"கேமரா வர்றதில்லயே, என்னாச்சு?"

"கேபிள் மாட்டற எடம் கருகிருச்சுங்க."

"பொள்ளாச்சில யூ.எஸ்.பி. வைஃபை கெடைக்கும். ஒண்ணு வாங்கி மாட்டிரு."

சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வாங்கினேன். விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. "லினக்ஸ்னா நான் கேரண்டி சொல்ல மாட்டனுங்க டீச்சர்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரியாகப் போயிற்று. செருகினேன், விளக்கு எரியவில்லை.

கணவரைக் கூப்பிட்டால் வேலையில் இருந்தார். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். நான் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் தனக்குள் எழுதி வைக்கும் செய்திகளைப் பார்க்கும் கட்டளை எனக்குத் தெரியும். பள்ளி லேபில் பழகியதுதான். கடைசி வரிகளில் விஷயம் இருந்தது. குச்சியைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டிருக்கிறது. ஆனால் குச்சிக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் இல்லை. அந்தக் கோப்பின் பெயரும் அங்கேயே இருந்தது.

கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு என் போனைச் சார்ஜர் வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் டேட்டாவை அதற்குக் கொடுத்தேன். முதலில் இறக்கியது வேறொரு கருவிக்கானது. பெயரில் ஓர் எண் மாறியிருந்தது. இரண்டாவது சரியானது. குச்சியைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். நீல விளக்கு சிமிட்டியது. எங்கள் மோடத்தின் பெயர் திரையில் வந்தது. எழுந்து போய் எனக்கு ஒரு காபி போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அவரிடம் சொன்னபோது, "நீயே பண்ணுனியா?" என்று கேட்டுவிட்டு, கேமராவுக்காக மோடம் தேடுகிற பழைய போர்ட்டின் முகவரி எண்ணையே இதற்கும் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். சற்று நேரத்தில் மறுபடி அழைத்தார்.

"வாசல் தெரியுது. துணி இன்னும் எடுக்கலயாட்ட இருக்குது."

இப்படிப் பார்த்துச் சொல்வது புதிதல்ல. ஒருமுறை பஞ்சாயத்திலிருந்து வந்தவரைப் பார்த்துவிட்டு, "யாரு அந்த வெள்ளச் சட்ட?" என்று கேட்டார். தவறாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து முடி காய வைப்பதை விட்டுவிட்டேன்.

ஃபர்ம்வேர் பற்றிப் படித்த அதே பக்கத்தின் கீழே, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் பற்றியும் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் அது அணைந்தே கிடந்தது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் எட்டக்கூடிய வழிகள் எவை என்று பார்த்தபோது, கேமரா வழி பட்டியலில் முதலில் வந்தது. நம்பிக்கை வராமல், திங்கட்கிழமை பள்ளிக் கம்ப்யூட்டரில் வீட்டு இணைய முகவரியை அடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் எங்கள் வாசல் திறந்தது. கொடியில் என் நைட்டி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசை டீச்சர் எட்டிப் பார்த்து, "இது உங்க ஊடுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லி மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபயர்வாலைப் போட்டேன். வெளியே போவதை விடு, உள்ளே வருவது எதையும் விடாதே. இரண்டே வரிகள்.

அவர் கேமரா வரவில்லை என்றபோது, வேலை இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்த வாரம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். முடி காய வைத்தேன். ஒரு நாள் மத்தியானச் சோற்றையும் அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி கேட்டார்.

"நாந்தானுங்க அடச்சு வெச்சிருக்கறன்" என்றேன்.

"எதுக்கு?"

"ஊருல யாரு வேண்ணாலும் பாக்கற மாதிரி இருந்துச்சுங்க. ஸ்கூல் கம்ப்யூட்டர்லயே நம்ம வாசல் தெரிஞ்சுது."

"அது என்ற தப்புதான். பாஸ்வேர்டு போட மறந்துட்டன். போட்டுட்டுத் தொறந்துரு."

"வாசல்ல வேண்டாமுங்க."

"நான் பாத்தா என்ன?"

"ஒக்காரக்கூட ரோசனையா இருக்குதுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "நான் உன்னப் பாக்கறதுக்குனு வெக்கல" என்றார். "சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் போனை எடுத்துட்டு ஒக்காருவாங்க. நான் அதத் தொறப்பன். மழ பேஞ்சுதா, ஈரமா இருக்குதான்னு பாப்பன். நாய் படுத்திருந்தா அதையே பாத்துட்டு இருப்பன்."

இதை அவர் அதற்கு முன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"பக்கத்துல தென்னந்தோப்புப் பக்கம் திருப்பட்டுங்களா?" என்றேன். "மழயும் தெரியும், ரோடும் தெரியும்."

"வாசல் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"செரி."

வயரிங் வேலை செய்பவரை அழைத்துக் கேமராவைப் பக்கச் சுவருக்கு மாற்றினேன். ஃபயர்வாலில் ஒரே ஒரு வழி திறந்து, பாஸ்வேர்டுக்குப் பதிலாக நான் தரும் சாவிக் கோப்பு இருக்கும் போன் மட்டும் அதில் வர முடிகிற ஏற்பாட்டைச் செய்தேன். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை வந்தது. மோடத்தில் மாற்ற வேண்டியதை அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். சாவிக் கோப்பை அவருக்கு அனுப்பினேன்.

அதன் பிறகு அவர் முன்பு போல அடிக்கடி பார்ப்பதில்லை என்று கம்ப்யூட்டர் பதிவுகள் காட்டின. கூப்பிடுவது கொஞ்சம் கூடியது. பெரும்பாலும் தென்னையைப் பற்றித்தான் பேச்சு. மட்டை தொங்குகிறது, மோட்டார் வயர் மேல் விழுந்துவிடும் என்பார். ஆள் வைத்து வெட்டுவேன்.

சித்திரையில் லீவுக்கு வந்தவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நான் போட்டிருந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு வரியைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார். பிறகு வாங்கிய பிரிண்டருக்கு, வீட்டுக்குள் மட்டும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, எதையும் மாற்றாமல், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.