முப்பது ஃப்ரேமில் ஓடிய ஆறு

என் வேலை கண் பரிசோதனை. தில்லை நகரில் ஒரு கண் மருத்துவமனை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து எழுத்துகளைப் படித்துக் காட்டுகிற இருட்டு அறை ஒன்று உண்டல்லவா, அது என்னுடையது. ஒரு கண்ணை மறைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் என் கணவர் அதே கேள்வியை என்னிடம் கேட்பார்.

அவர் துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட். குழந்தைகள் இல்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, குளித்து, காபி குடித்துவிட்டுக் கன்ட்ரோலரைக் கையில் எடுப்பார். நாற்பது வயதைத் தாண்டியவர் வீடியோ கேம் விளையாடுவதைப் பற்றி அவருடைய ஆபீஸில் கிண்டல் உண்டு. அவர் கண்டுகொள்ளமாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். விளையாடத் தெரியாது, பார்க்கப் பிடிக்கும்.

கடைசி இரண்டு வருஷமும் ஒரே கேம்தான். குதிரையில் தனியாக ஊர் ஊராகப் போகும் ஒரு மனிதன். சண்டை குறைவு, வழி அதிகம். அதில் ஒரு வசதி இருந்தது: படம் கூர்மையாக இருக்க வேண்டுமா, ஓட்டம் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவதில் ஒரு நொடிக்கு முப்பது படம், இரண்டாவதில் அறுபது. என் முகத்தில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே மாற்றிவிட்டு, துண்டை இழுப்பார்.

"இப்ப எது? முப்பதா, அறுபதா?"

"அறுபது."

"முப்பதும்மா! எப்படித் தெரியாமப் போகும்? ஊர் கண்ணையெல்லாம் நீதானே பாக்கற."

"கண்ணைப் பாக்கறதாலதான் சொல்றேன். நம்ம சோபாவுக்கும் டிவிக்கும் இருக்கற தூரத்துல படத்தோட புள்ளியெல்லாம் தனித்தனியாத் தெரியாதுங்க. நீங்க கேக்கற ஃபோர் கே டிவியெல்லாம் வீண் செலவு."

"புள்ளியை விடு. முப்பதுல குதிரை டிவியில ஓடுது. அறுபதுல என் கைக்குக் கீழ ஓடுது. அதுதான் வித்தியாசம்."

எனக்கு அது கடைசிவரை புரியவில்லை. அவருக்கு என் விடாப்பிடி புரியவில்லை. அதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த கேமில் மேற்கே போனால் ஓர் அகலமான ஆறு வரும். அதற்கு அப்பால் போக முடியாது. குதிரையைத் தண்ணீரில் இறக்கினால் அதுவே திரும்பிவிடும். கேமின் எல்லை அது. எப்போதும் மூடுபனி. ஒரு நாள் அவர் அங்கே குதிரையை நிறுத்தியிருந்தபோது அக்கரையில் எனக்கு ஏதோ தெரிந்தது.

"அங்க யாரோ நிக்கறாங்க பாருங்க."

"எங்க?"

"எதிர்க்கரையில. வெள்ளையா. வேட்டி கட்டின மாதிரி."

அவர் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "ஆள் இல்லம்மா. பட்டுப்போன அடிமரம்."

"மரத்துக்குத் தோள் இருக்குமா?"

சிரித்தார். "இந்த மெஷின்ல இவ்வளவுதான் தெரியும். புதுசு வாங்கி ஃபோர் கேல போட்டுப் பாத்துடுவோம், உன் ஆளா என் மரமான்னு." அதற்கப்புறம் அந்த உருவம் எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. மேற்குப் பக்கம் போனாலே, "உன் ஆளைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சரிந்துவிட்டார். ஃபோன் வந்தபோது நான் ஒரு பெண்மணிக்குப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். அந்தம்மாவின் கண்ணில் லென்ஸை மாட்டியபடியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். அந்த இருட்டில் மங்கலான எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போனார்கள். மணப்பாறையில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் என் நாத்தனார் மட்டும் சில நாள் கூட இருந்துவிட்டு, "சனிக்கிழமை சனிக்கிழமை வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருடைய ஒரே தங்கை அவள்.

அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏன் என்று தெரியாமல், அவருடைய கேம் கன்சோலைப் போட்டேன். கேம் அவர் கடைசியாக விட்ட இடத்தில் திறந்தது. ஆற்றங்கரை. குதிரைமேல் அந்த மனிதன், முதுகு எனக்கு, முகம் அக்கரைக்கு. நான் தூங்கப் போன பிறகோ, காலையில் நான் எழுவதற்கு முன்னாலோ, அவர் தனியாக அங்கே போயிருக்கிறார். நேராக அந்த உருவத்துக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார். எதைப் பார்ப்பதற்காக நிறுத்தினார் என்று கேட்க ஆள் இல்லை.

கன்ட்ரோலரை நான் தொடவில்லை. அவர் உட்காரும் பக்கத்தில் சோபாவில் அது கிடந்தது. திரையில் குதிரை வாலை ஆட்டியது. அந்த மனிதனின் முதுகு மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அக்கரையில் அந்த வெள்ளை உருவம் நின்றது. திடீரென்று கேமுக்குள் இடி இடித்தது. சோபாவில் கிடந்த கன்ட்ரோலர் தானாக அதிர்ந்தது. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அதைப் போட்டுவிட்டு உட்காருவது வழக்கமாயிற்று. பார்க்கப் பார்க்க அந்த உருவம் அசைவதும் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் நிற்பவர்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பார்களே, அப்படி. பழைய கன்சோலில் தூரத்துப் பொருள்களின் ஓரம் நடுங்கும், அதனால்தான் என்று என் படிப்பு சொன்னது. பரிசோதனை அறையில் தினமும் பார்க்கிறேன், கடைசி வரிசை மங்கலாகிவிட்டால் மனிதர்கள் அதில் இல்லாத எழுத்தைப் படிப்பார்கள். பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு நிஜமாகவே தெரியும். இவ்வளவும் தெரிந்த நான், செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டேங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நாத்தனார் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், கன்ட்ரோலர் அவள் கையில். குதிரை கரையை விட்டுத் திரும்பி, புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில், தானாகச் சேமிக்கப்பட்டுவிட்டது என்பதைக் காட்டும் சின்ன வட்டம் சுற்றி மறைந்தது.

"என்ன பண்ணின? யாரைக் கேட்டு எடுத்த?"

அவள் பயந்து எழுந்துவிட்டாள். "சும்மா, என்னன்னு பாக்கலாம்னு..."

"அவர் நிறுத்தின இடம் அது! அவர் கை கடைசியாப் பட்ட இடம்! போச்சு. இனிமே வராது."

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் முகம் சிவந்தது. "எனக்கும் அவன் அண்ணன்தான் அண்ணி. உங்களுக்கு இதுவாவது இருக்கு. எனக்கு என்ன இருக்கு? போன வாரம் நான் வாசல்ல நின்னப்ப உள்ள நீங்க பேசற சத்தம் கேட்டுச்சு. யாரோட பேசறீங்கன்னு தெரியாம பெல் அடிக்கக்கூட பயந்து, ரொம்ப நேரம் மாடிப்படியிலயே உக்காந்திருந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். காபி அடுப்படியிலேயே ஆறியது. வெகு நேரம் கழித்து நான் அந்த உருவத்தைப் பற்றிச் சொன்னேன்: ஆளா மரமா என்ற எங்கள் சண்டை, அவர் சொன்ன ஃபோர் கே, எல்லாமும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வாங்கிப் பாத்துடலாம் அண்ணி. அவன் ஆசைப்பட்டதுதானே" என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"தெளிவாத் தெரிஞ்சுட்டா என்ன பண்றது?"

புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தவர்கள் எங்களிடம் வந்து சந்தோஷப்படுவார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதிப் பேர் அடுத்த முறை வரும்போது வேறு மாதிரிச் சொல்வார்கள். "என் முகத்துல இவ்வளவு சுருக்கமாம்மா?" என்று கேட்பார்கள். "வீடு இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு?" என்பார்கள். ஆனாலும் அந்தப் பழைய புரையைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் கேட்டதில்லை. இதை யோசித்துக்கொண்டே சில மாதம் கழிந்தது. பிறகு நானே நாத்தனாருக்கு ஃபோன் பண்ணி, வாங்கிவிடலாம் என்றேன்.

நாத்தனாரின் கணவர் வந்து புது கன்சோலையும் டிவியையும் மாட்டி, என் கணவர் ஆடிய கேமை அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, எங்களைத் தனியாக விட்டுவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போனார். மத்தியான வெயில். திரைச்சீலையை இழுத்துவிட்டோம். கன்ட்ரோலரை நான் வாங்கிக்கொண்டேன். குதிரையை மேற்கே திருப்பினேன். திருப்பிய உடனே கை நின்றுவிட்டது.

"என்னாச்சு அண்ணி?"

"அறுபது," என்றேன்.

"என்னது?"

குதிரையின் கழுத்து திரும்பியபோது என் கட்டை விரலோடு சேர்ந்தே திரும்பியது. நடுவில் இடைவெளி இல்லை. அவர் எத்தனையோ தடவை சொன்னது இதைத்தான். நான் சோபாவில் உட்கார்ந்து கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். இது கண்ணில் இல்லை, கையில் இருந்தது. கையில் எடுக்காமல் இரண்டு வருஷம் அவரோடு வாதாடியிருக்கிறேன். அவரிடம் சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அவர் உட்காரும் பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வந்தது. மூடுபனி இப்போது மெல்லிய துணி மாதிரி அடுக்கடுக்காக நகர்ந்தது. அக்கரை நாணல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அவர் நிறுத்திய இடத்தை நிதானமாகத் தேடி, அதே கோணத்தில் நிறுத்தினேன்.

அங்கே ஆள் இல்லை. அடிமரமும் இல்லை. சாய்ந்து வளர்ந்த இரண்டு கறுத்த மரங்கள்; அவற்றுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகப் பின்னால் இருந்த வெளிறிய வானம் தெரிந்தது. தோள், வேட்டி, கால் மாற்றி நின்றது, எல்லாமே அந்த இடைவெளிதான்.

"ஒண்ணுமே இல்லையே அண்ணி," என்றாள் நாத்தனார், குரல் இறங்கி.

"ஆமா. ஒண்ணுமில்ல."

நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாள் போல. எனக்கு அழுகை வரவில்லை. யாரும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து அத்தனை நாள் "வந்துட்டேங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அவரும் இதே இடத்துக்கு எதிரேதான் கடைசியாகக் குதிரையை நிறுத்தினார். மரம் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவர், தனியாக வந்து எதைப் பார்த்தார்?

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, மறுநாள், பழைய கன்சோலைப் பழைய டிவியோடு உள் அறையில் மாட்டினேன். குதிரையை அதிலும் ஆற்றுக்குக் கொண்டுபோனேன். உருவம் அங்கே நின்றது. இரண்டு மரம், நடுவில் வானம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நின்றுகொண்டேதான் இருந்தது. உண்மை தெரிந்துவிட்டால் கண் திருந்திவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எப்போதாவது கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திறந்து பார்ப்பதில்லை, பயந்து ஓடுவதும் இல்லை.

ஃபோர் கே அவசியமா என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்பவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நச்சரிக்கிறார்களாம். சோபா தூரத்தைப் பற்றி நான் முன்பு சொன்ன கணக்கு இன்றும் சரிதான். படத்தின் கூர்மை விஷயத்தில் அதைத்தான் சொல்கிறேன். முப்பதா அறுபதா என்று ஃப்ரேம் ரேட்டைப் பற்றிக் கேட்டால், கடையில் கன்ட்ரோலரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்கிறேன். அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விளையாடுகிறேன். போன மாதம் வடக்கே ஒரு கணவாயைத் தாண்டினேன். கேமின் வரைபடத்தில் அவர் போன இடமெல்லாம் வெளிச்சமாக இருக்கும், போகாத இடம் கறுப்பாக இருக்கும். கணவாய்க்கு அப்பால் முழுக்கக் கறுப்பு. குதிரையை உள்ளே விட்டேன். கீழே ஒரு பள்ளத்தாக்கு, உப்பு வெள்ளையாகப் பூத்த தரை, தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒவ்வொரு வீடாக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஃபோன் பண்ணினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"விளையாடிட்டு இருக்கேன்."

"எங்க இருக்கீங்க இப்ப?"

"தெரியல. இங்க அவர் வந்ததே இல்ல."

ஃபோனில் அவளுக்குப் பின்னால் மணப்பாறை பஸ்களின் ஹாரன் கேட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பாத்துச் சொல்லுங்க."

நான் குதிரையை மெதுவாக இறக்கத்தில் நடத்திக்கொண்டே, தெரிந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.