அப்பா கட்டிய விமானத்தில் அம்மா

எங்கள் வீட்டு ஹாலில் நான்கு வருடம் ஓர் இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது. தெப்ராவ் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் வரிசை வீடுகள் எவ்வளவு குறுகல் என்று அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஒரு முனை டிவிக்கு மேலே, மறுமுனை சமையலறை வாசலைத் தாண்டி அரிசி வாளிக்கு மேலே. அதன் ஜோடி மாடிப்படியோரம் சாய்ந்திருந்தது. விமானத்தின் உடம்பும் இஞ்சினும் கார் போர்ச்சில் இருந்ததால் கார் வெளியே வெயிலில் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குனிவார்கள், பிறகு நிமிர்ந்து, "என்னங்க இது?" என்பார்கள். அப்பா ஏதோ குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல, "விமானம்" என்பார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, காதாலேயே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். பகலெல்லாம் மற்றவர்களின் இயந்திரம், மாலையில் தன்னுடையது. வரைபடத்தை விலைக்கு வாங்கி, அலுமினியக் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்துத் துளையிட்டு, ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய அந்தக் குட்டி விமானத்தைக் கட்டினார். இறக்கைத் துணியைச் சட்டத்தில் ஒட்டிய பிறகு அதைச் சூடுகாட்டி இறுக்க வேண்டுமாம். அதற்கு அம்மாவின் இஸ்திரிப் பெட்டி போனது. அந்த மாதம் முழுக்க நான் கசங்கிய சீருடையில் பள்ளிக்கூடம் போனேன். காரணம் கேட்ட ஆசிரியையிடம் உள்ளதைச் சொன்னேன். பொய் சொன்னதாகத் திட்டு விழுந்தது.

விமானம் முடியும் தறுவாயில்தான் அந்த அடி விழுந்தது. பறப்பதற்கான உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். சர்க்கரை வியாதி அப்பாவின் கண்ணுக்குள்ளே எதையோ செய்திருந்தது. கார் ஓட்டலாம், பறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து, நீலக் கேன்வாஸை எடுத்து விமானத்தின் உடம்பை மூடினார். மூன்று வாரம் அதன் பக்கமே போகவில்லை. ஹாலில் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் செய்தி பார்த்தார்.

நான்காவது ஞாயிறு, தோசை ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னார்.

"நான் ஓட்டுறேன்."

"எதை?"

"வேனயா கேக்குறேன்? அதத்தான் தெனமும் ஓட்டுறேனே."

அம்மா பள்ளி வேன் ஓட்டுநர். காலையும் மதியமும் எங்கள் வட்டாரப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். அப்பா வாய்க்குக் கொண்டுபோன தோசையைத் தட்டில் வைத்தார். விளையாட்டா, நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பதினாலு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஜாம்ல ஓட்டுறவ, ஆளே இல்லாத எடத்துல ஓட்டமாட்டேனா? இவ்வளவு நாளு என் ஹால்ல தொங்குச்சில்ல, எனக்கும் பாதி இருக்கு."

அன்று மாலையே கேன்வாஸ் விலகியது.

காஹாங் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு புல் ஓடுபாதை உண்டு. சின்ன விமானப் பிரியர்கள் ஞாயிறுகளில் கூடுகிற இடம். அங்கே அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற மலாய்க்காரர் ஒருவர். மலாயில் 'ஐயா' என்பதுபோல நாங்கள் அவரை என்சிக் என்போம். இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் மாதக்கணக்கில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். உன் மனைவிக்கு அவசரப்படவே தெரியவில்லை, அதனால் எனக்குக் கவலையில்லை என்று அவர் ஒருநாள் அப்பாவிடம் மலாயில் சொன்னார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா எழுதிய பரீட்சை, அம்மா வாங்கிய உரிமம், எங்கள் விமானத்தை அதிகாரிகள் வந்து பார்த்துக் கொடுத்த அனுமதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டிலுக்கடிப் பெட்டியில் பூட்டினார்.

விமானத்தை லாரியில் கொண்டுபோய் ஓடுபாதையோரக் கொட்டகையில் இறக்கைகளைப் பொருத்திய பிறகு, முதல் பறப்புக்கு ஒரு ஞாயிறு குறிக்கப்பட்டது. கோத்தா திங்கியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, குடும்பத்தோடு வந்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள், மினரல் போத்தலில் கோயில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். அம்மாவைத் தலைக்கவசத்தோடு பார்த்ததும் அத்தைக்குக் குரல் எழும்பியது.

"அவனுக்குத்தான் பைத்தியம், உனக்குமா? ஒரு பொம்பளப் புள்ளய வெச்சிக்கிட்டு!"

சொல்லிவிட்டுத் தீர்த்தத்தை விமானத்தின்மேல் தெளித்தார். இஞ்சின் பக்கம் மட்டும் வேண்டாம் என்று அப்பா கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

எனக்கு அன்று ஒரு பதவி இருந்தது. புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவற்றை அப்பா பள்ளிக்கூட நோட்டில் தமிழில் வரிசையாக எழுதியிருந்தார். நான் உரக்கப் படிக்க வேண்டும். அம்மா ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்து "சரி" என்பார். பத்து வயதில் எனக்கு அது திருப்பலியில் வாசகம் வாசிப்பதைவிடப் பெரிய கௌரவம். நாற்பத்தோராவது வரி: வால் பக்கம், கம்பிவடம் இணையும் நட்டு, கொட்டர் பின். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி வளைத்துவிடுகிற சின்னக் கம்பிதான் அது.

அம்மா விரலால் தடவினார். குனிந்து பார்த்தார்.

"இல்ல."

"என்ன இல்ல?" என்றார் அப்பா.

"பின் இல்லீங்க."

அப்பா ஓடிவந்து பார்த்தார். கம்பி செருக வேண்டிய துளை வெறுமையாக இருந்தது. அவர் காது சிவந்தது. "ரெண்டு நிமிஷம். இப்பப் போட்டுடறேன்" என்று பெட்டியைத் திறந்தார்.

அம்மா தலைக்கவசத்தைக் கழற்றினார். "இன்னிக்கு வேணாம். ஒண்ணு வுட்டுப்போயிருந்தா இன்னொண்ணும் வுட்டுப்போயிருக்கலாம்."

"அலமாக், இதுக்கா அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தோம்?" என்றார் அத்தை. அத்தை வீட்டு மாமா சத்தமாகவே சிரித்தார். அப்பா விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளினார். எனக்கு அம்மாமேல் தாங்க முடியாத கோபம். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கம்பி. அப்பாவின் காதில் மெதுவாகச் சொல்லியிருக்கக் கூடாதா? எல்லார் முன்னாலும் மானத்தை வாங்க வேண்டுமா? இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். அம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா அந்த வாரம் விடுப்பு எடுத்தார். கொட்டகையிலேயே கிடந்து, நான்கு வருடம் போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்த்து, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்து மறுபடி பூட்டினார். சனிக்கிழமை தாடியோடு வீட்டுக்கு வந்தார்.

"வேற எதுவும் வுட்டுப்போகல" என்றார்.

"சரி. அப்ப நாளைக்குப் போலாம்" என்றார் அம்மா.

மறுநாள் அத்தையும் வந்திருந்தார், வரமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டு. அறுபத்திரண்டு வரிகளையும் படித்தேன். அறுபத்திரண்டு முறை "சரி" கேட்டது. அம்மா ஏறி உட்கார்ந்து இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டார். அப்பா இன்னொரு முறை அந்த வாரை இழுத்துப் பார்த்தார். இஞ்சின் உறுமியது, பின்னால் விசிறி சுழன்று புல்லெல்லாம் படுத்தது. விமானம் குலுங்கி ஓடியது, நேராக ஓடியது, பிறகு சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"பறக்குது! அம்மா பறக்கறாங்க!"

கத்தினேன். என்சிக் கைதட்டினார். அத்தை ஜெபமாலையை மேலே தூக்கி ஆட்டினார். எங்கள் ஹாலில் தொங்கிய இறக்கைகள், அரிசி வாளிக்கு மேலே தூசி படிந்து கிடந்த அதே இறக்கைகள், செம்பனை மட்டைகளுக்கு மேலே வெயிலில் மஞ்சளாக மின்னின. உலகத்தில் அப்படி ஓர் அழகை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்பாவைத் தேடினேன். அவர் எங்களுக்குச் சற்றுத் தள்ளி, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொட்டகையின் தகரச் சுவரைப் பார்த்தபடி நின்றார். கைகளைக் கட்டியிருந்தார். கண் மூடியிருந்தது.

"அப்பா, பாருங்கப்பா!" சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ம்" என்றார். திரும்பவில்லை.

விமானம் தோட்டத்துக்கு அப்பால் வளைந்து மறைந்தது. சத்தம் தேய்ந்து, இல்லாமலே போனது. அத்தையின் உதடுகள் வேகமாக அசைந்தன. "என்னடா ஆச்சு? நின்னுடிச்சா?" என்று அழுகிற குரலில் கேட்டார். அப்பா ஒரு விரலை உயர்த்தினார்.

"ஓடுது. காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த ரீங்காரம் எங்கள் காதுக்கு வந்தது. பின்னாலேயே அம்மாவும் வந்தார். எங்கள் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, பாதைக்கு நேராக இறங்கி, ஒருமுறை துள்ளி, உருண்டு நின்றார். எல்லாரும் ஓடினோம். இஞ்சின் நின்ற பிறகே அப்பா திரும்பினார். ஓடவில்லை, நடந்து வந்தார்.

அம்மா தலைக்கவசத்தைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை: "எடது பக்கம் இழுக்குதுங்க."

"எவ்வளவு?"

"கொஞ்சந்தான். கைய எடுத்தா சாயுது."

"சரி பண்ணிடலாம்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அத்தைதான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுது, மிச்சத் தீர்த்தத்தையெல்லாம் அவர் தலையில் கவிழ்த்து, "எங்க வீட்டு மருமக லா! பாத்துக்குங்க எல்லாரும்!" என்று அந்தத் திடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அத்தை வீட்டு மாமா தன் கைப்பேசியில் எடுத்த காணொளியை அங்கிருந்தே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

திரும்பும் வழியில் காஹாங்கில் சாப்பாடு வாங்க நிறுத்தினோம். அப்பா இறங்கிக் கடைக்குப் போனார். நானும் அம்மாவும் காரில் இருந்தோம். அதற்காகவே காத்திருந்தவள் போல நான் கோள் மூட்டினேன்.

"அப்பா பாக்கவே இல்லம்மா. நான் கூப்பிட்டும் திரும்பல."

"தெரியுமே" என்றார் அம்மா. "மேலேர்ந்து பாத்தேன். நீங்கல்லாம் மூஞ்சத் தூக்கிக்கிட்டுக் கையாட்டுறீங்க. உங்கப்பாவோட முதுகு மட்டும் தெரிஞ்சிச்சு. அதப் பாத்தப்பறந்தான் எனக்குப் பயம் போச்சு."

முதுகைப் பார்த்தால் பயம் எப்படிப் போகும் என்று கேட்டேன். அம்மா கண்ணாடிக்கு வெளியே, கடைக்காரரிடம் மிளகாய்ச் சம்பலைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு சட்டை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.